பத்தியம் முறித்த மாதம்

காமாலை என்று ஊருக்குச் சொன்னதுதான் முதல் தப்பு. சொன்னவர் என் அண்ணி. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அந்த நல்ல எண்ணம் என்னை மாதக்கணக்கில் உப்பில்லாத கஞ்சி குடிக்க வைத்து, கடைசியில் மறுபடியும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொண்டுபோய்ப் போட்டது.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் படிக்கிறவர்கள் பக்கத்துக்குப் பக்கம் ஊகம் செய்துகொண்டு இருக்க வேண்டாம். எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு இதில் பதில் கிடையாது. சர்க்கரை வந்தவனிடம் எந்தக் கடை ஜிலேபி என்று யாரும் விசாரிப்பதில்லை. எனக்கும் அந்த மரியாதை வேண்டும். பெயரையும் போடவில்லை, ஊரையும் ஜவ்வாது மலை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இதே மாத்திரையை விழுங்கிக்கொண்டு இதே தப்பைச் செய்யப்போகிறவர் யாராவது இருப்பார், அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். புளி, சாமை, பலா என்று அந்தந்தக் காலத்துக்கு எது உண்டோ அதை ஏற்றிக்கொண்டு ஒடுகத்தூருக்கோ செங்கத்துக்கோ இறங்குவேன். போன வருடம் பலா முடியும் சமயத்தில் இருமல் பிடித்தது. வறட்டு இருமல், சாயங்காலம் ஆனால் காய்ச்சல். வண்டியை நிறுத்திவிட்டு வீடு வரை ஏறுகிற சிறிய மேட்டுக்கே மூச்சு வாங்கியது. சட்டை தொளதொளவென்று ஆனது. ஒடுகத்தூரில் ஒரு கிளினிக்கில் காட்டினேன். உட்கார வைத்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். அடுத்த வாரமும் போனேன், அடுத்த வாரமும் குளுக்கோஸ். எங்கள் பக்கத்தில் டிரிப்ஸ் ஏற்றாத டாக்டர் டாக்டரே இல்லை, ஏற்றிவிட்டால் நோயாளிக்கும் திருப்தி. நானும் திருப்தியாகத்தான் திரும்பி வந்தேன், இருமிக்கொண்டே.

மூச்சு நிஜமாகவே திணற ஆரம்பித்த பிறகுதான் அண்ணன் என்னை என் வண்டியிலேயே படுக்க வைத்துக் கீழே பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எக்ஸ்ரே எடுத்தார்கள். சளி எடுத்து டி.பி. பார்த்தார்கள், இல்லை என்று வந்தது. ஒவ்வொரு அறைக்கு வெளியிலும் ஒரு பெஞ்சு, ஒவ்வொரு பெஞ்சிலும் எனக்கு முன்னால் ஒரு ஊரே உட்கார்ந்திருந்தது. ரத்தம் எடுக்கிற இடத்தில் இருந்து மூச்சுக்கு ஆக்சிஜன் வைக்கிற வார்டுக்குப் போக, ஆக்சிஜன் இல்லாமல் பாதி ஆஸ்பத்திரியை நடக்க வேண்டும். இதைக் கட்டினவர் ஒருநாளாவது மூச்சு வாங்கியிருக்க மாட்டார்.

பிறகு ஒரு சின்ன அறை. கதவைச் சாத்திவிட்டு ஆலோசகர் என்று ஓர் இளம்பெண் பேசினார். நல்ல பெண். ஆனால் பேச்சு சுற்றிச் சுற்றிப் போனது. "இப்ப நிறைய நல்ல மருந்து வந்திருக்குங்க, பயப்படக்கூடாது" என்று மூன்று விதமாகச் சொன்ன பிறகும் எதற்கு மருந்து என்று சொல்லவில்லை. கடைசியில் நானே, "அம்மா, எய்ட்ஸான்னு கேக்கறேன், ஆமாவா இல்லியா?" என்றேன். ஆமாம் என்றார். எச்.ஐ.வி. என்பது கிருமி, அது உடம்பின் காவல் செல்களைத் தின்று தீர்த்த பிறகு வருகிற கட்டம்தான் எய்ட்ஸ் என்றும் விளக்கினார். நுரையீரலில் வந்திருந்தது ஒருவகைப் பூஞ்சை. நல்ல உடம்போடு இருக்கிறவர்களை அது ஒன்றும் செய்யாது. காவல் இல்லாத உடம்பு என்பதால் என்னிடம் குடியேறியிருந்தது.

என் மனைவி சரசுவுக்கும் ரத்தம் எடுத்தார்கள். இல்லை என்று வந்தது. அன்று நான் கும்பிட்ட கும்பிடு எந்தச் சாமிக்குப் போய்ச் சேர்ந்ததோ தெரியவில்லை, எல்லோரையும் கூப்பிட்டேன். சரசு அழவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே, "எனக்கு இல்லன்னு சொல்லிட்டாங்க. உனக்கு கீது. சரி, சாப்புடு" என்றாள். அவ்வளவுதான். எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருடம் ஆகியும் குழந்தை இல்லை. அவள் மனசில் அப்போது ஓடியது அதுதான் என்று எனக்குத் தெரியும்.

வார்டில் இருந்த நாட்களில் அண்ணன் தினமும் பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்து வைப்பார். பேச்சு வராது அவருக்கு. என் கால் பக்கம் உட்கார்ந்து போர்வையை இழுத்து இழுத்துவிடுவார், நான் உதைத்துத் தள்ளுவேன், மறுபடி இழுத்துவிடுவார். பக்கத்துக் கட்டில்காரர் எனக்கு என்ன நோய் என்று தெரிந்துகொள்ளத் தலைகீழாக நின்று பார்த்தார். அவருக்கு என்ன நோய் என்று நான் திருப்பிக் கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பூஞ்சை அடங்கியதும் எச்.ஐ.வி.க்கான மாத்திரை ஆரம்பித்தார்கள். மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று, ஆயுள் முழுவதும். சாப்பாட்டில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை, முட்டை, கறி, மீன், பருப்பு எல்லாம் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்றார் மாத்திரை கொடுத்த டாக்டரம்மா. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலை ஏறி வீட்டுக்கு வந்தால், வாசலில் கீழாநெல்லிக் கட்டுகள்.

"காமாலைன்னு சொல்லிட்டேன் தம்பி" என்றார் அண்ணி. "வேற இன்னா சொல்றது? வர்றவங்க போறவங்க எல்லாம் இன்னா இன்னான்னு கேக்கறாங்க. அவங்க வாயை மூட ஒன்னு வேணாமா?"

ஊர் வாயை மூடவில்லை. மருந்தோடு திறந்தது. எங்கள் பக்கத்தில் காமாலைக்கு வைத்தியம் தெரியாத ஆள் இல்லை. அதிலும் நாட்டு மருந்து கொடுக்கிற மாமா ஒருவர் இருக்கிறார், அவரே வீடு தேடி வந்து பச்சிலை உருண்டை கொடுத்துவிட்டுப் போனார். ஆஸ்பத்திரி மாத்திரையோடு வேறு எதையும் கலக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் உருண்டையை வாயில் அடக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்த் துப்பினேன். பத்தியத்தை அப்படித் துப்ப முடியவில்லை. உப்பு, புளி, எண்ணெய், மிளகாய், கறி, மீன் எதுவும் கூடாது. சாமைக் கஞ்சி, அதற்கு மேல் சாமைக் கஞ்சி.

"அண்ணி, எல்லாம் சாப்புடணும்னு டாக்டரே சொல்லியிருக்காங்க."

"அந்தம்மா சொல்லுவாங்க. காமாலைக்காரன் கறி திங்கறான்னு நாளைக்கு ஊருல பேசினா, அந்தம்மாவா வந்து பதில் சொல்லும்?"

"எனக்குக் காமாலையே இல்லீங்களே!"

"மெதுவாப் பேசு. சுவத்துக்கு அந்தாண்ட ஆளு கீது."

அண்ணி பிடிவாதம் எதற்கென்று எனக்குப் புரியாமல் இல்லை. என் நோயை ஊரில் யாரும் அறியாமல் காத்ததும் அவர்தான். எனக்காக அவரும் உப்பில்லாமல் சாப்பிட்டார், தனியாகச் சமைத்தால் யாராவது பார்த்துக் கேட்பார்களாம். ஆனால் புளி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு செங்கம் வரைக்கும் அந்த வாசனையில் வண்டி ஓட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து வெறுங்கஞ்சி குடித்துப் பாருங்கள். அன்பின் மேல் எவ்வளவு கோபம் வரும் என்று அப்போது தெரியும்.

மாத்திரை வேலை செய்தது. இருமல் போனது, உடம்பு பிடித்தது. அரை வருடம் கழித்து ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிற சோதனை செய்தார்கள். கருவியால் எண்ண முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று வந்தது. டாக்டரம்மா சந்தோஷமாகத்தான் சொன்னார். இந்த நிலையில் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறவரிடம் இருந்து மனைவிக்குத் தொற்றாது, அடுத்த சோதனையும் இப்படியே வந்தால் குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்றார். "ஆனா விடக்கூடாது. போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, அடங்கி கீதுன்னு அர்த்தம்" என்றும் சொன்னார். சொல்லவில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

சிக்கல் ஊரில் இருந்து வந்தது. எங்கள் வழக்கத்தில் மருந்து என்றால் அதற்கு ஒரு முடிவு உண்டு. பத்தியத்தோடு தொடங்கிய மருந்தைப் பத்தியம் முறித்துத்தான் முடிக்க வேண்டும். ஒருநாள் பார்த்துத் தலை முழுகி, கோழி அடித்து, மருந்து கொடுத்தவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சேர்ந்து சாப்பிட வேண்டும். தலை முழுகிய பிறகு அடுத்த அமாவாசை தாண்டும்வரை எந்த மருந்தும் தொண்டையில் இறங்கக் கூடாது. இறங்கினால் மருந்து உடம்பில் நின்று விஷமாகிவிடும் என்பார்கள். முறிக்காமல் நீட்டிக்கொண்டே போனாலும் விஷம்தான். நானோ முறிக்காமல் போய்க்கொண்டிருந்தேன். நாட்டு மருந்து மாமா வழியில் பார்க்கும்போதெல்லாம், "இன்னாடா, எப்ப கோழி? உலகத்துல இல்லாத காமாலையா கீதே" என்பார். கேலியாகத்தான் சொன்னார். அண்ணிக்கு அது கேலியாகக் கேட்கவில்லை.

"ஊரு சந்தேகப்பட ஆரம்பிச்சிடுச்சு தம்பி. நான் ஒரேயடியா நிறுத்தச் சொல்லல. மெஷின்லயே ஒன்னும் காணல. ஒரு தடவ முறிச்சிட்டு, அமாவாசை போனதும் மறுபடி ஆரம்பிச்சுக்க. உடம்புக்கும் ஒரு ஓய்வு வேணாமா?"

அண்ணன் தலையை ஆட்டினார். சரசு என் முகத்தைப் பார்த்தாள். நான் கோழியை நினைத்தேன். மறைக்க என்ன இருக்கிறது? மிளகு போட்டு, புளி கரைத்து, உப்பு சரியாக விழுந்த ஒரு குழம்பை நினைத்தேன்.

தலை முழுகினேன். ஊரே வந்தது. மாமா தன் கைராசியைப் பற்றிச் சாப்பாடு முடியும்வரை பேசினார், நானும் ஆமாம் போட்டேன். அண்ணி மாத்திரை டப்பாவை எடுத்துத் தன் பெட்டியில் வைத்துவிட்டார். அந்த மாதம்தான் பல மாதங்களில் நாங்கள் சந்தோஷமாக இருந்த மாதம். உடம்பு லேசாக இருந்தது. ஓடிப்போய் வண்டி ஏறினேன். சரசு சிரித்தாள். மெஷினே ஒன்றும் காணவில்லையே என்ற தைரியத்தில் நாங்களும் புருஷன் பெண்டாட்டியாக இருந்தோம். அமாவாசை போனது. அடுத்த வாரம் ஆரம்பிக்கலாம் என்று தள்ளினேன்.

அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியது, மார்பு முழுக்கச் சிவப்பாகத் தடிப்பு. நான்தான் முதலில் புரிந்துகொண்டேன். அண்ணன் வண்டியை எடுத்தார், சரசு கூட வந்தாள்.

எனக்கு இந்த நோயால் வந்த எரிச்சலையெல்லாம் ஒன்றாகக் கூட்டினாலும் அன்று டாக்டரம்மா முகத்தில் இருந்த எரிச்சலுக்கு ஈடாகாது. படுக்க வைத்து, பத்தியம் முறித்த கதையை என் வாயாலேயே கேட்டுக்கொண்டு, ரத்தம் எடுத்து, எண்ணிக்கை வந்ததும் கட்டிலுக்கு வந்தார். எண்ண முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது, இப்போது ஆரம்பத்தில் இருந்த அளவுக்கே ஏறி நின்றது.

"கோழிக் குழம்பு எப்படிங்க இருந்துது?" என்றார்.

நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன்.

"ஒரு மாசம்தான் விட்டேன்னு சொல்றீங்க. ஒரு மாசத்துல இத்தனை எங்கிருந்து வந்துது, யோசிச்சீங்களா? வெளியில இருந்தா வந்துது?"

"எங்கிருந்துங்க வந்துது?"

"உங்ககிட்ட இருந்துதான்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்று அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வகையில் எழுதுகிறேன். இதை ஆரம்பத்திலேயே இப்படி யாராவது சொல்லியிருந்தால் ஊர் என்ன பேசினாலும் கோழிக்கு மயங்கியிருக்க மாட்டேன்.

நம் உடம்பின் செல்களுக்குள் டி.என்.ஏ. என்று நீளமான இழை இருக்கிறது. எந்த செல் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. அது மூலப் பத்திரம். வேலை நடக்கும்போது செல், மூலத்தை வெளியே எடுக்காது. வேண்டிய பகுதியை மட்டும் நகல் எடுக்கும். அந்த நகலுக்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். மூலத்தில் இருந்து நகல் என்பதுதான் வழக்கமான திசை. இந்த வைரஸ் கொண்டுவருவது வெறும் ஆர்.என்.ஏ., அதாவது நகல் மட்டும். செல்லுக்குள் நுழைந்ததும், கூடவே கொண்டுவந்த ஒரு நொதியை வைத்து அந்த நகலில் இருந்து மூலத்தை எழுதிக்கொள்கிறது. பின்னோக்கி நடக்கிற வேலை. அதனால்தான் இந்த இனத்துக்கு ரெட்ரோவைரஸ் என்று பெயர்.

அதோடு நிற்பதில்லை. இரண்டாவதாக ஒரு நொதி இருக்கிறது. அது செல்லின் உட்கருவுக்குள் போய், நம் டி.என்.ஏ.வை ஓரிடத்தில் வெட்டி, வைரஸ் எழுதிய துண்டை நடுவில் செருகுகிறது. வெட்டின வாயை நம் செல்லே சரிசெய்து மூடிவிடும், தன் இழைதான் அறுந்தது என்று நினைத்துக்கொண்டு. அதன் பிறகு செல்லுக்கு எது தன்னுடையது, எது வந்தது என்று தெரியாது. சொந்த வேலைக்கு நகல் எடுக்கும்போது வைரஸின் பகுதிக்கும் நகல் எடுக்கும். அந்த நகல்கள்தான் புது வைரஸ்கள். செல் இரண்டாகப் பிரிந்தால் இரண்டிலும் அது இருக்கும்.

எனக்கு இதைக் கேட்டபோது வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. "நம்ம ரேஷன் கார்டுல வெளியாள் ஒருத்தன் பேரை ஏத்திக்கிட்டு, மாசாமாசம் அரிசி வாங்கறாப்பலயா?" என்றேன்.

"ஆமா. அதுவும் கடைசியில தனியா எழுதியிருந்தா அடிச்சிடலாம். உங்க பேருக்கும் உங்க வூட்டம்மா பேருக்கும் நடுவுல, அதே மையில எழுதி கீது. ஒவ்வொரு செல்லுலயும் ஒவ்வொரு எடத்துல. சுரண்டப் போனா உங்க பேரும் போயிடும்."

என் மாத்திரையில் இருக்கும் மூன்று மருந்தில் இரண்டு, பின்னோக்கி எழுதும் நொதியை மறிக்கின்றன. மூன்றாவது, செருகும் நொதியை மறிக்கிறது. புதிதாக எந்த செல்லிலும் ஏறவிடாமல் காவல் காக்கிறது மாத்திரை, அவ்வளவுதான். ஏற்கெனவே ஏறியதை இறக்க இன்றைக்கு மாத்திரை கிடையாது. அப்படி ஏறிய செல்களில் சில வேலை எதுவும் செய்யாமல் வருடக்கணக்கில் தூங்கும். தூங்கும்வரை அவற்றில் இருந்து வைரஸ் வெளியே வராது, ரத்தத்தை எண்ணுகிற கருவிக்கும் அகப்படாது. என்றைக்கு எது விழிக்கும் என்று யாருக்கும் தெரியாது. காவல் இருக்கும் நாளில் விழித்தால் பரவ வழியில்லை. நான் காவலைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கோழி தின்றுகொண்டிருந்தேன்.

டாக்டரம்மா எழுந்துகொள்ளும்போது சரசு முதல் தடவையாகப் பேசினாள்.

"மேடம், எனக்கு நாள் தள்ளிப் போயிருக்குங்க."

டாக்டரம்மா மறுபடி உட்கார்ந்துவிட்டார். என் மேல் இருந்த எரிச்சல் அவர் முகத்தில் இருந்து ஒரு நிமிடத்தில் காணாமல் போனது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. எந்தத் தேதி, எத்தனை நாள் ஆயிற்று என்று மெதுவாகக் கேட்டார். நாங்கள் சேர்ந்த மூன்று நாளுக்குள் வந்திருந்தால் தடுப்பு மாத்திரை கொடுத்திருக்கலாம், அந்தக் காலம் போய்விட்டது என்றார். சரசுவுக்கு ரத்தம் எடுத்தார்கள். இல்லை என்று வந்தது. ஆனால் புதிதாகத் தொற்றியிருந்தால் சோதனையில் தெரிய நாளாகும், அதனால் மறுபடியும் பார்க்க வேண்டும், கடைசியாக மூன்று மாதம் கழித்துப் பார்த்து இல்லை என்றால்தான் இல்லை. கர்ப்பம் உறுதியானது. கல்யாணமாகி இத்தனை வருடம் காத்திருந்த செய்தி, ஆஸ்பத்திரி வராந்தாவில், வாழ்த்துச் சொல்ல ஆள் இல்லாமல் வந்தது.

நான் டாக்டரம்மாவைத் தனியாகப் பிடித்தேன். "என் எழுத்துலயே ஏறிடுச்சுன்னு சொன்னீங்க. என் மூக்கு என் பிள்ளைக்கு வரும், இதுவும் வந்துருமாங்க?"

"வராது. அது ஏறுறது ரத்தத்துல இருக்கற சில வெள்ளை அணுக்கள்ல. பிள்ளை உண்டாகற விதையில இல்ல. உங்க மூலமா நேரா பிள்ளைக்குப் போகாது. அம்மாவுக்கு வந்தா மட்டும்தான் பிள்ளைக்குப் பயம். அம்மாவுக்கு இல்லன்னா பிள்ளைக்கும் இல்ல."

எல்லாம் சரசுவின் ரத்தத்தில் வந்து நின்றது. எனக்குக் காய்ச்சல் விட்டது, அதே மாத்திரை மறுபடி ஆரம்பித்தார்கள், மருந்து இன்னும் கேட்கிறது என்று பின்னால் எண்ணிக்கை பார்த்துச் சொன்னார்கள். என் உடம்பைப் பற்றி யாருக்கும் அக்கறை போய்விட்டது, எனக்கும்.

வீட்டில் அண்ணி இரண்டு நாள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. பிறகு வந்து மாத்திரை டப்பாவை என் முன்னால் வைத்து, "என் கையால எடுத்து வச்சேனே, பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை. "அழுதா மட்டும் இன்னா ஆயிடப்போவுது, போய் சோத்த வடிங்க" என்றேன். அது கொடுமைதான். போய் வடித்தார். அன்று முதல் சரசுவுக்குக் கீரை, முட்டை, மீன் என்று செய்து போட்டார், யார் பார்த்தால் என்ன என்று கதவைத் திறந்துவைத்துக்கொண்டே. நாட்டு மருந்து மாமா வந்து, காமாலை திரும்பிவிட்டதா என்று கேட்டபோது, "அவனுக்கு கீழ ஆஸ்பத்திரி வைத்தியம் நடக்குது மாமா, இனி உங்க மருந்து வேணாம்" என்று அண்ணியே சொல்லிவிட்டார். மாமா கோபித்துக்கொண்டு போனார். ஊர் ஒன்றும் இடிந்து விழவில்லை. இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம் என்பதை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன்.

காத்திருக்கும் நாட்களில் போன் ஒரு சனியன். ஒருநாள், மனிதர்களின் டி.என்.ஏ.வில் ரெட்ரோவைரஸ் பரம்பரையாக வருகிறது என்று அதில் படித்துவிட்டேன். மறுநாள் மாத்திரை வாங்கப் போகும்போது டாக்டரம்மாவிடம் போனை நீட்டினேன். தலையில் கையை வைத்துக்கொண்டார். அது வேறு வைரஸ்கள், பல லட்சம், கோடி வருடங்களுக்கு முன்னால் மூதாதைகளின் விதைக்குள் ஏறி, இப்போது எல்லார் உடம்பிலும் செத்த எழுத்தாகக் கிடப்பவை என்றார். அதில் ஒன்றுகூட உயிரோடு வைரஸாக எழுந்து வராதாம். ஆனால் அப்படி எப்போதோ ஏறிய ஒரு துண்டு, வயிற்றில் பிள்ளையைத் தாயோடு இணைக்கிற நஞ்சுக்கொடி உருவாக இன்று உதவுகிறதாம். உங்கள் மனைவி வயிற்றிலும் அது இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறது என்றார். நல்லதுதான். எல்லாருக்கும் உபகாரம் செய்கிற வைரஸ் ஏறியிருக்கிறது, எனக்கு ஏறியது மட்டும் இப்படி.

சரசு அந்த மாதங்களில் சண்டையே போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். காட்டில் களை எடுக்கப் போவாள், வருவாள், படுப்பாள். வயிற்றில் கை வைக்க மாட்டாள். பிள்ளைக்கு என்ன பேர் என்று அண்ணி ஒருநாள் பேச்சை எடுத்தபோது எழுந்து போய்விட்டாள். நான் மட்டும் ஓயாமல் பேசினேன். ஒன்றும் இருக்காது, பயப்படாதே, எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எனக்கு என்ன தெரியும்?

கடைசிச் சோதனைக்கு அண்ணனால் வர முடியவில்லை, என் வண்டியும் பழுதாகி ஒர்க்‌ஷாப்பில் நின்றது. பஸ்ஸில் போனோம். ரத்தம் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பெயர் கூப்பிட்டதும் நானும் எழுந்தேன். ஆலோசகர் பெண் என்னைக் கையால் நிறுத்தினார். அவங்க ரிசல்ட்டை அவங்ககிட்டதான் சொல்லணும், அவங்க சம்மதிச்சா அப்புறம் நீங்க வரலாம் என்றார். சட்டம் அப்படியாம். என் பெண்டாட்டி, என் பிள்ளை, நான் கதவுக்கு வெளியே. உள்ளே போன சரசு என்னைக் கூப்பிடவில்லை.

வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இன்னா சொன்னாங்க?" என்றேன்.

"வூட்டுக்குப் போய் சொல்றேன். பஸ் போய்டும்."

"இங்கியே சொல்லேன்!"

"வா."

ஒடுகத்தூரில் மலை பஸ்ஸுக்கு நின்றோம். அது வழக்கம்போல வருவேனா என்று நேரம் கழித்து வந்தது. ஏறினோம். சரசு ஜன்னல் ஓரம். நான் கேட்டேன், கெஞ்சினேன், பக்கத்தில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இருந்திருந்தால் அழுதிருப்பாள் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். பிள்ளைக்கு எத்தனை நாளைக்கு மருந்து கொடுப்பார்கள், பால் கொடுக்கலாமா, இவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன் என்று எல்லாவற்றையும் நினைத்து முடித்துவிட்டு மறுபடி முதலில் இருந்து நினைத்தேன். மலை ஏறி முடித்து, எங்கள் நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தமும் தாண்டிய பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு இல்ல. பிள்ளைக்கும் இல்ல. நல்லா கீதாம்."

"அத்த ஏண்டி அங்கியே சொல்லல?" என்று கேட்டேன்.

"உனக்கு கீதுன்னு உனக்குத் தெரியும் மாமா. கீதா இல்லியான்னு தெரியாம மூணு மாசம் உக்காந்திருந்தது நானு. நீயும் ஒரு பஸ்ஸு தூரம் உக்காந்து பாக்கணும்னுதான்" என்றாள். பிறகு முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, "பையப் புடி. எறங்கணும்" என்று எழுந்தாள்.